கம்பியில்லாச் செய்தியும் கிராமக் காவலும்

புதுவைப் பிரதேசத்தின் பாகூர் கொம்யூனைச் சேர்ந்தது குருவிநத்தம். தென்பெண்ணையாற்றை ஒட்டிய ஊர்களுள் ஒன்று. நெல்லும் கரும்பும் செழித்து விளையும் பூமி. ஆற்றினால் வாழும் ஊர், ஆற்றுக்கு அஞ்சியும் வாழ வேண்டியிருப்பது இயற்கை. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரையைக் கடந்தது. புதுவையில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை பெய்தது. அதையடுத்து வேறோர் இடர் மேற்கிலிருந்து வந்தது. திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2ஆம் நாள் விடியுமுன் நொடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கு மேற்பட்ட நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. அவ்வெள்ளம் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களையும், பாகூர்ப் பகுதியின் கரையோர ஊர்களையும் சூழ்ந்தது.

அணையில் திறந்த நீர் நம் ஊரை வந்தடையப் பல மணி நேரம் ஆகிறது. ஆனால் அணை திறக்கப்பட்ட செய்தியோ கம்பியில்லா அலையின் மூலம் கண்ணிமைக்கும் பொழுதில் வந்துவிடக்கூடியது. அந்த இடைவெளியே கரையோர மக்களுக்குக் கிடைக்கும் அவகாசம். அந்த அவகாசத்தில் ஆடுமாடுகளை மேட்டுக்கு ஓட்டலாம். நெல் மூட்டைகளை ஏற்றலாம். கொட்டகையிலுள்ள மோட்டாரைக் கழற்றலாம். முதியோரையும் குழந்தைகளையும் பள்ளிக்கூடக் கட்டடத்திற்குக் கொண்டு சேர்க்கலாம்.

எனவே, இரண்டு கேள்விகள் எழுகின்றன. செய்தி ஊருக்கு வந்து சேருமா? வந்து சேர்ந்த செய்தி மெய்தானா? பல்கலைக்கழகங்களிலும் உயர் தொழில்நுட்பக் கழகங்களிலும் கம்பியில்லாத் தொடர்பு, பாதுகாப்பு ஆகிய துறைகளில் உழைத்து வரும் ஆராய்ச்சிக் குழுக்களின் வேலை முழுவதையும் இவ்விரு கேள்விகளுக்குள் அடக்கிவிடலாம். அக்குழுவினர் யார், என்ன செய்கின்றனர், அவர்கள் செய்வது நம் கிராமங்களுக்கு எவ்வாறு பயன்படுகிறது என்பதை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கல்விக்கு ஊர் அளித்த கொடை

உயர் கல்விக்கும் கிராமத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். அவர்கள் பாகூரின் வரலாற்றை நினைவிற்கொள்ள வேண்டும். கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூரில் ஓர் உயர் கல்விச்சாலை இருந்தது. அதன் பராமரிப்புக்கு மூன்று ஊர்களின் வருவாய் அளிக்கப்பட்ட செய்தியைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. ஊர்கள் உழைத்து ஈட்டிய வருவாயில் அன்று கல்வி வளர்ந்தது. இன்றும் நிலைமை அதுவே. மக்கள் செலுத்தும் வரிப்பணத்தில்தான் பெரும்பாலான ஆராய்ச்சிக்கூடங்கள் நடைபெறுகின்றன. ஆகவே, அங்கே நடப்பதைக் கேட்டறியும் உரிமை கிராமத்தாருக்கு உண்டு.

குழுவில் யார் யார்?

ஓர் ஆராய்ச்சிக் குழு என்பது தனி மேதை ஒருவரின் அறையன்று. சில பேராசிரியர்கள், அவர்களிடம் பட்டத்திற்காக ஆராயும் மாணவர்கள், பொறியாளர்கள் ஆகியோர் கூடிச் செய்யும் வேலை அது. ஒரு வீட்டைக் கட்டக் கொத்தனார், தச்சர், கொல்லர் எல்லோரும் வேண்டியிருப்பது போல, ஒரு செய்தியைக் காற்றில் அனுப்பவும் பல கைகள் வேண்டும்.

முதலாமவர் அலையை ஆராய்பவர். தாழ்ந்த அலைவரிசை நெடுந்தூரம் செல்லும். ஆனால் குறைவான செய்தியையே சுமக்கும். உயர்ந்த அலைவரிசை மிகுந்த செய்தியைச் சுமக்கும். ஆனால் சுவரும் மரமும் அதை எளிதில் தடுத்துவிடும். தென்னந்தோப்பும் மழையில் நனைந்த கரும்புக் கொல்லையும் அலையை எவ்வளவு உறிஞ்சும் என்பதையெல்லாம் அளந்து பார்த்து, கோபுரத்தின் உயரத்தையும் ஆன்டெனாவின் திசையையும் வகுப்பது இவர் பணி. இத்துறையில் நம் நாட்டவர் பின்தங்கியவர் அல்லர். 1895ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், சுவர்களை ஊடுருவிச் சென்ற கம்பியில்லா அலையால் மணியை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தைக் கொளுத்தியும் காட்டினார். அவர் கையாண்ட மிகக் குறுகிய அலைகளை ஒத்தவையே இன்று ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசித் தொடர்பின் ஒரு பகுதியில் பயன்படுகின்றன.

இரண்டாமவர் பிழை திருத்துபவர். காற்றில் வரும் செய்தி இடியாலும் மழையாலும் பிற அலைகளாலும் சிதைவது உண்டு. சிதைந்ததை எவ்வாறு கண்டுபிடிப்பது? ஊர்க் கணக்கை எழுதியவர் இதை எளிதில் புரிந்துகொள்வார். கணக்கேட்டில் வரிசைதோறும் கூட்டுத்தொகை எழுதுகிறோம். பத்திதோறும் கூட்டுத்தொகை எழுதுகிறோம். ஏதேனும் ஓர் எண் தவறாக இருந்தால், ஒரு வரிசையின் கூட்டலும் ஒரு பத்தியின் கூட்டலும் பொருந்தாது. அவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் தவறு இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டலாம், திருத்தியும் விடலாம். செய்தியோடு இத்தகைய கூட்டுத்தொகைகளையும் சேர்த்தனுப்பும் வழிகளை வகுப்பது இவர் வேலை.

மூன்றாமவர் வலையமைப்பை வகுப்பவர். எந்தச் செய்தி எவ்வழியாகச் செல்ல வேண்டும், ஒரு வழி அடைபட்டால் மறுவழி எது என்பதை இவர் ஆராய்கிறார். நான்காமவர் பாதுகாப்பை ஆராய்பவர். தம் தோழர்கள் கட்டிய வேலியைத் தாமே தாண்ட முயன்று பார்ப்பது இவருடைய தொழில். இவருடைய முயற்சி தோற்றால் வேலி நன்று. வென்றால் வேலியைத் திருத்தியாக வேண்டும். ஐந்தாமவர் களத்திற்குச் செல்பவர். ஆராய்ச்சிக்கூடத்தில் இயங்கிய கருவி, புழுதியிலும் வெயிலிலும் அடிக்கடி மின்சாரம் நின்றுபோகும் ஊரிலும் இயங்குகிறதா என்று பார்ப்பவர் இவரே.

சென்னையில் ஒரு குழு

இத்தகைய குழுக்களுள் நம் பகுதிக்கு மிகவும் நெருங்கிய தொடர்புடையது, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றிய டெனெட் குழுவாகும். தொலைத்தொடர்பையும் கணினி வலையமைப்பையும் ஒருங்கே ஆராயும் குழு இது. அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி, திமோத்தி கோன்சால்வ்ஸ் முதலிய பேராசிரியர்கள் இதில் முன்னின்றனர். இவர்களுள் பாஸ்கர் ராமமூர்த்தி கம்பியில்லாத் தொடர்பில் வல்லவர்; பிற்காலத்தில் அக்கழகத்தின் இயக்குநராக விளங்கினார். கணினி வலையமைப்பில் வல்லவரான கோன்சால்வ்ஸ், பின்னர் இமாசலப் பிரதேசத்து மண்டி நகரில் நிறுவப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் இயக்குநரானார்.

1990களில் இக்குழுவினர் தமக்கு விதித்துக்கொண்ட குறிக்கோள் விஞ்ஞானக் கேள்வியாகத் தொடங்கவில்லை. செலவுக் கேள்வியாகவே தொடங்கியது. அன்று ஒரு தொலைபேசி இணைப்பை நிறுவ முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவாயிற்று. அந்த முதலுக்கு வட்டியும் தேய்மானமும் பராமரிப்பும் ஈடாக வேண்டுமானால், சாமானியக் குடும்பம் கொடுக்க முடியாத கட்டணத்தை வாங்கியாக வேண்டும். அச்செலவைப் பத்தாயிரம் ரூபாயாகக் குறைத்தாலன்றித் தொலைபேசி கிராமத்திற்கு வாராது என்று இவர்கள் கணக்கிட்டனர். தெருத்தெருவாகப் பள்ளம் தோண்டிச் செப்புக் கம்பி புதைப்பதே பெருஞ்செலவாக இருந்தமையால், வீட்டிற்குக் கம்பியில்லாமலேயே தொடர்பு தர முனைந்தனர்.

ஐரோப்பாவில் வீட்டிற்குள்ளும் அலுவலகத்திற்குள்ளும் கையில் எடுத்துச் சென்று பேசும் தொலைபேசிக்காக வகுக்கப்பட்ட ஒரு தரம் இருந்தது. அதன் பெயர் டெக்ட். அது சிறு தூரத்திற்கானது. அதையே வீட்டுக் கூரைமேல் ஆன்டெனா நிறுத்திப் பத்துக் கிலோமீட்டர் வரையிலும், இடையில் அஞ்சல் நிலையம் ஒன்று அமைத்து 25 கிலோமீட்டர் வரையிலும் செல்லுமாறு இவர்கள் மாற்றியமைத்தனர். கார்டெக்ட் என்று பெயர் பெற்ற இந்த ஏற்பாட்டில், ஒரே இணைப்பில் தொலைபேசிப் பேச்சும் இணையத் தொடர்பும் ஒரே சமயத்தில் நடைபெற்றன. இக்கழகத்தின் பழைய மாணவர்கள் சென்னையில் நிறுவிய மைடாஸ் நிறுவனமும், அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் நிறுவனமும் இதில் துணை நின்றன.

ஆற்றின் அக்கரையிலும் இக்கரையிலும்

இந்த ஏற்பாட்டைக் கிராமங்களுக்குக் கொண்டு செல்ல என்-லோக் என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டது. தொடக்க காலத்தில் கார்டெக்ட் இணைப்புப் பெற்ற இடங்களுள் ஒன்று, தென்பெண்ணைக்கு அக்கரையில், கடலூர் மாவட்டத்திலுள்ள நெல்லிக்குப்பம் ஆகும். அங்குள்ள பாரி சர்க்கரை ஆலை, கரும்பு உழவர்களுக்குச் செய்தி தரும் இணைய நிலையங்களை அதன் மூலம் ஊர்களில் அமைத்தது. ஏறத்தாழ ஐம்பதாயிரம் ரூபாய் முதலில், ஊரைச் சேர்ந்த ஒருவரே ஒரு நிலையத்தை நடத்தலாம் என்பது என்-லோக்கின் திட்டம்.

இக்கரையில், அதற்குச் சற்று முன்னரே வேறொரு முயற்சி தொடங்கியிருந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ஆம் ஆண்டில் வில்லியனூரை மையமாகக்கொண்டு புதுவைக் கிராமங்களில் தகவல் நிலையங்களை அமைத்தது. எம்பலத்தில் கோயிலுக்குரிய இடத்திலேயே நிலையம் நடைபெற்றது. தொலைபேசிக் கம்பி நம்பகமாக இல்லாத ஊர்களுக்கு வானொலிக் கருவிகளின் மூலம் செய்தி சென்றது. மின்சாரம் நின்றபோது சூரிய ஒளி கைகொடுத்தது. கடற்கரை ஊரான வீராம்பட்டினத்தில், கடல் அலையின் உயரம் எவ்வளவு இருக்கும் என்ற முன்னறிவிப்பு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. மீனவர் அதைக் கேட்டே கடலுக்குச் செல்வதா வேண்டாவா என்று முடிவு செய்தனர்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்த காலையில், இவ்வேற்பாட்டின் பயன் வெளிப்பட்டது. புதுவைக்குத் தெற்கேயுள்ள நல்லவாடு என்னும் மீனவர் ஊருக்குச் சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்கை தந்தார். ஊரார் தகவல் நிலையத்தின் கதவை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் அறிவித்தனர். மக்கள் கரையை விட்டு ஓடி உயிர் தப்பினர்.

இந்நிகழ்ச்சியை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். செய்தி வந்து சேர்ந்தது தொலைபேசியால்; ஊர் முழுவதும் பரவியது ஒலிபெருக்கியால். ஆனால் மக்கள் அதை உடனே நம்பியது எதனால்? அழைத்தவர் ஊர்ப்பிள்ளை, அறிவித்த குரல் ஊரார் அறிந்த குரல். செய்தியின் மெய்ம்மைக்கு அதுவே சாட்சியாக நின்றது.

என்-லோக் நிலையங்களும் கார்டெக்ட் இணைப்புகளும் இன்று வழக்கில் இல்லை. மலிவான கைப்பேசி வந்ததும் அவை மறைந்தன. ஆயினும் அம்முயற்சி வீண் என்று கூறுவதற்கில்லை. கிராமத்தின் தேவையை முதலில் கணக்கிட்டு, அதற்கேற்பக் கருவியை வகுக்க வேண்டும் என்ற பாடம் அழியவில்லை.

ஆறு கிலோமீட்டர் கணக்கு

அப்பாடத்தின் விளைவை 2017ஆம் ஆண்டில் உலக அரங்கிலேயே காண முடிந்தது. ஐந்தாம் தலைமுறைத் தொடர்பு எவ்வாறு இருக்க வேண்டும் என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் விதிகளை வகுத்துக்கொண்டிருந்தது. நாட்டுப்புறத்தில் ஒரு கோபுரத்திற்கும் அடுத்த கோபுரத்திற்கும் இடையே 1,732 மீட்டர் தூரம் என்ற கணக்கு அதில் இருந்தது. அவ்வளவு நெருக்கமாகக் கோபுரம் நிறுத்த நம் கிராமங்களுக்குக் கட்டுப்படியாகுமா? நம் நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் வீடுகள் கூட்டமாக அமைந்து, ஊருக்கும் ஊருக்கும் இடையே சில கிலோமீட்டர் வயல்வெளியாக இருக்கிறது. பஞ்சாயத்து ஊரில் ஒரு கோபுரம் நிறுத்திச் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்கும் அதிலிருந்தே தொடர்பு தருவதே நடைமுறைக்கு ஒத்தது. ஆகவே, கோபுரங்களுக்கு இடையே ஆறு கிலோமீட்டர் தூரம் இருந்தாலும் தொடர்பு செவ்வையாக நடக்கிறதா என்ற சோதனையையும் சேர்க்க வேண்டுமென்று நம் நாட்டின் சார்பில் வற்புறுத்தப்பட்டது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் ஆராய்ச்சியாளர் இதற்கு உழைத்தனர். ஒன்றியம் அதை ஏற்றுக்கொண்டது. நம் சிற்றூர்களின் அமைப்பு உலக விதியில் இடம்பெற்றதைக் கிராமத்தார் அறிந்து பெருமை கொள்ளலாம்.

பின்னர் 2022ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், சென்னைக் கழகத்தின் தலைமையில் எட்டு நிறுவனங்கள் கூடி உருவாக்கிய ஐந்தாம் தலைமுறைச் சோதனைக் களம் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. 220 கோடி ரூபாய்க்கு மேல் இதற்குச் செலவாயிற்று. நம் பொறியாளர்கள் தம் கருவிகளைச் சோதிப்பதற்கு வெளிநாட்டை எதிர்பார்த்திருக்கும் நிலை இதனால் குறைந்துள்ளது.

காற்றுக்கு வேலி உண்டா?

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். கம்பியில் செல்லும் செய்தியைக் கேட்க, அக்கம்பியை ஒருவன் தொட வேண்டும். காற்றில் செல்லும் செய்திக்கு அத்தடை இல்லை. அலை எல்லார் வீட்டுக் கூரைமேலும் செல்கிறது. உரிய கருவி வைத்திருப்பவன் அதைப் பிடிக்கலாம். அதே போன்ற அலையை அவனும் அனுப்பலாம். ஆகவே ஒற்றுக் கேட்பதைத் தடுப்பதும், ஆள்மாறாட்டத்தைத் தடுப்பதும் ஆகிய இரண்டும் பாதுகாப்பு ஆராய்ச்சியாளரின் கடமைகளாகின்றன.

ஒற்றுக் கேட்பதைத் தடுக்கச் சங்கேத மொழி பயன்படுகிறது. இதில் ஒரு முக்கியமான கொள்கையை 1883ஆம் ஆண்டில் கெர்க்காஃப்ஸ் என்னும் அறிஞர் வகுத்தார். பூட்டின் அமைப்பு பகைவனுக்குத் தெரிந்திருந்தாலும், சாவி அவனிடம் இல்லாதவரை பூட்டு திறக்கக்கூடாது என்பதே அது. அமைப்பை மறைத்து வைத்துப் பாதுகாப்பைத் தேடுவது நிலைக்காது. முன்னர்க் கூறிய டெக்ட் தரமே இதற்குச் சான்று. அதன் பாதுகாப்பு முறை பல ஆண்டுகள் வெளியிடப்படாமல் இருந்தது. 2009ஆம் ஆண்டில் ஐரோப்பியப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் அதை ஆராய்ந்து, அதிலிருந்த குறைகளை வெளிப்படுத்தினர். அதன் பயனாகத் தரம் பின்னர் வலுப்படுத்தப்பட்டது. குறையைக் கண்டு சொல்பவரைப் பகைவராகக் கருதலாகாது. கரையில் எலிவளை இருப்பதை முன்கூட்டியே காட்டுபவன் ஊருக்கு நன்மை செய்பவனே அன்றோ?

ஆள்மாறாட்டத்தைத் தடுக்க என்ன வழி? அக்காலத்தில் அரசாணையைச் செப்பேட்டில் பொறித்து, ஏடுகளை வளையத்தில் கோத்து, வளையத்தின்மேல் அரச முத்திரையிட்டனர். ஏட்டைக் கொண்டுவந்தவனை ஊரார் அறியாவிட்டாலும், முத்திரையைக் கண்டு ஆணை மெய்யென்று ஏற்றனர். இன்று அம்முத்திரையின் வேலையை எண்கள் செய்கின்றன. 89 என்னும் எண்ணை 97 என்னும் எண்ணால் பெருக்கினால் 8,633 வரும். பள்ளிச் சிறுவனும் இதைச் செய்வான். ஆனால் 8,633 என்பதை மட்டும் கொடுத்து, எந்த இரண்டு எண்களின் பெருக்கல் இது என்று கேட்டால் எவரும் திகைப்பார். சில நூறு இலக்கங்கள் கொண்ட எண்ணாயின், இன்றைய கணினிகளாலும் அதைப் பிரிக்க இயலாது. 1977ஆம் ஆண்டில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடெல்மன் என்னும் மூவர் இவ்வுண்மையைக்கொண்டு ஒரு முறையை வகுத்தனர். முத்திரையிடும் சாவி ஒருவரிடம் மட்டும் மறைவாக இருக்கும். முத்திரையைச் சரிபார்க்கும் சாவியை உலகம் முழுவதற்கும் கொடுத்துவிடலாம். சரிபார்ப்பவர் எவராலும் போலி முத்திரை செய்ய இயலாது.

பொய் எச்சரிக்கை

இவ்வளவு நல்ல முறை இருந்தும், அது எல்லா இடங்களிலும் கையாளப்படவில்லை. இரண்டாம் தலைமுறைக் கைப்பேசியில், கைப்பேசி தான் யார் என்பதைக் கோபுரத்திற்கு நிரூபிக்க வேண்டும். ஆனால் கோபுரம் தன்னைக் கைப்பேசிக்கு நிரூபிக்க வேண்டியதில்லை. வாசலில் நிற்பவன் வீட்டுக்காரரிடம் அடையாளம் கேட்க, வீட்டுக்காரர் அவனை யாரென்று கேளாதது போன்றது அது. மூன்றாம் தலைமுறை முதல் இக்குறை களையப்பட்டு, இருவரும் ஒருவரையொருவர் சோதிக்கும் முறை வந்தது.

எனினும் ஓர் இடைவெளி எஞ்சியது. பேரிடர்க் காலத்தில் ஒரு கோபுரம் தன் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒரே சமயத்தில் எச்சரிக்கை அனுப்பும் முறை பல நாடுகளில் உள்ளது. நம் நாட்டிலும் இதற்கான சோதனைகள் 2023ஆம் ஆண்டில் நடைபெற்றன; அப்போது பலருடைய கைப்பேசிகள் உரத்த ஒலியுடன் அதிர்ந்தது நினைவிருக்கலாம். இம்முறையில் எவருடைய எண்ணும் தேவையில்லை. எனவே நெரிசலும் இல்லை. ஆனால் 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோப் பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழு ஒன்று, நான்காம் தலைமுறைத் தொடர்பில் இத்தகைய எச்சரிக்கையைப் போலியாகவும் அனுப்ப முடியும் என்று காட்டியது. ஒரு வாட் ஆற்றல் கொண்ட நான்கு சிறு கருவிகள், ஐம்பதாயிரம் பேர் அமரும் விளையாட்டரங்கில் ஏறத்தாழ எல்லாக் கைப்பேசிகளையும் நூற்றுக்குத் தொண்ணூறு வெற்றியுடன் ஏமாற்றக்கூடும் என்பது அவர்களுடைய முடிவு. அவர்கள் இதைப் பாதுகாப்பான அறைக்குள்ளேயே சோதித்தனர், பிறரை அச்சுறுத்தவில்லை.

இக்குறை ஏன் நேர்ந்தது? எச்சரிக்கை எல்லாரையும் சென்றடைய வேண்டும் என்ற நல்லெண்ணத்தால்தான். கோபுரத்தைச் சோதித்து முடிக்கும் வரை காத்திராமல் கைப்பேசி எச்சரிக்கையை உடனே ஏற்கிறது. செய்தியில் முத்திரையும் இல்லை. முத்திரையைக் கட்டாயமாக்கினால், சரிபார்க்கும் சாவி இல்லாத பழைய கைப்பேசி வைத்திருக்கும் ஏழைக்கு எச்சரிக்கை கிட்டாமற் போகலாம். முத்திரை இல்லாவிட்டாலோ, விஷமி ஒருவன் நள்ளிரவில் ஊரையே கலைத்துவிடலாம். இரண்டொரு முறை ஏமாந்த ஊர், மூன்றாம் முறை மெய்யான வெள்ளம் வரும்போது எழுந்திராது. வந்து சேர்வதும் மெய்யாயிருப்பதும் ஒன்றையொன்று விட்டு நிற்க முடியாதவை என்று நாம் கூறுவது இதனால்தான். இவ்விரண்டையும் ஒருங்கே சாதிக்கும் வழியைத் தேடுவதே இன்றைய ஆராய்ச்சிக் குழுக்களின் முன்னுள்ள கடினமான பணி.

கிராமத்தின் பங்கு

எல்லாவற்றையும் ஆராய்ச்சியாளரே செய்து முடிப்பர் என்று நாம் வாளாவிருத்தல் கூடாது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலிப் பிரிவில் எரிக் புரூவர் என்னும் பேராசிரியரின் குழு, தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் சுற்றுப்புறக் கிராமக் கண் நிலையங்களுக்கும் நெடுந்தூரக் கம்பியில்லா இணைப்புகளை அமைத்தது. கிராமத்திலுள்ள நோயாளி நகரத்து மருத்துவரைத் திரையில் கண்டு பேசினார். அவ்விணைப்புகள் ஏன் பழுதாகின்றன என்று ஆராய்ந்தபோது, அலையின் குறையைவிட மின்சாரத்தின் ஏற்ற இறக்கமே கருவிகளைப் பெரிதும் கெடுத்தது என்று அக்குழுவினர் 2008ஆம் ஆண்டில் எழுதினர். அவர்கள் கண்ட பரிகாரங்களுள் முக்கியமானது, உள்ளூரிலேயே சிலரைப் பழக்குவதாகும். கருவி எவ்வளவு சிறந்ததாயினும், அதைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஒருவர் இல்லாவிட்டால் அது நிலைக்காது.

ஆகவே, குருவிநத்தம் போன்ற கரையோர ஊர்கள் செய்யத்தக்கவை சில உள. மழைக்காலம் தொடங்குமுன் ஊரில் நாலைந்து இளைஞரை எச்சரிக்கைத் தொண்டர்களாகத் தெரிந்தெடுக்க வேண்டும். கோபுரமே சாய்ந்தாலும் செய்தி பரவ, மின்கலத்தில் இயங்கும் ஒலிபெருக்கி ஒன்று ஊரில் இருத்தல் நலம். கைப்பேசி இல்லாத வீடுகள் எவை, தனித்திருக்கும் முதியோர் யார் என்ற பட்டியல் அத்தொண்டர்களிடம் இருக்க வேண்டும்.

எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது? மேட்டுக்குப் போ என்று கூறும் செய்தி வந்தால் முதலில் புறப்பட வேண்டும். போகும்போதே 1077 என்ற பேரிடர் உதவி எண்ணிலோ, கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்திலோ கேட்டு உறுதி செய்யலாம். செய்தி பொய்யாயின் ஓர் இரவின் உறக்கம் மட்டுமே போகும். மெய்யாயிருந்து நாம் வாளாவிருந்தால் போவது உயிர். ஆனால் வெள்ள நிவாரணம் தருகிறோம், வங்கிக் கணக்கை எழுதுங்கள், கைப்பேசிக்கு வந்த இரகசிய எண்ணைச் சொல்லுங்கள் என்று கேட்கும் செய்தி வந்தால், அங்கே நேர்மாறாக நடந்துகொள்ள வேண்டும். அதற்கு அவசரமே கூடாது. இரகசிய எண்ணை எந்த வங்கியும் அரசு அலுவலகமும் கேட்பதில்லை. ஏமாந்து பணம் இழந்தவர் வெட்கி ஒளியாமல், உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவித்தால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. உயிரைக் காக்கும் செய்திக்கு விரைவும், பணத்தைக் கேட்கும் செய்திக்கு நிதானமும் வேண்டும் என்பதை வீட்டிலுள்ள அனைவரும் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும்.

நூலகத்திலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ பொது இணைய இணைப்பு இருந்தால், கருவியோடு வந்த பழைய கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும். அதைச் சுவரில் எழுதி வைக்கலாகாது. புதிய பூட்டு வாங்கி, சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுபவர் உண்டோ?

இறுதியாக, கிராமத்துப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஆராய்ச்சிக் குழுவின் ஐந்து வேலைகளை மேலே கூறினோம். அவற்றுள் எதுவும் நகரத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. நனைந்த கரும்புக் கொல்லை அலையை எப்படித் தடுக்கும் என்பதையும், எந்த மேட்டில் எத்தனை வீடுகள் தப்பும் என்பதையும் ஊரில் பிறந்து வளர்ந்தவரே நன்கறிவர். பாகூர்ப் பகுதியின் ஊர்கள் ஒரு காலத்தில் தம் வருவாயைக் கொடுத்துக் கல்வியை வளர்த்தன. இனி அவை தம் ஆண்மக்களையும் பெண்மக்களையும் கணிதமும் விஞ்ஞானமும் பயில அனுப்புமாக. அடுத்த வெள்ளத்தின்போது சாத்தனூரிலிருந்து வரும் செய்தி குருவிநத்தத்தின் கடைசி வீட்டையும் சென்றடைய வேண்டும். அந்த வீட்டார் அதை ஐயமின்றி நம்பி எழுந்திருக்கவும் வேண்டும். அத்தகைய ஏற்பாட்டை வகுக்கும் குழுவில் நம் ஊர்ப்பிள்ளை ஒருவரும் இருப்பாராயின், அதைவிடச் சிறந்த கிராம வளர்ச்சி வேறு எது?